தட்டத்தில் வைக்காத பொருள்

முதற்பிள்ளையைப் பெற்ற எவரையும் அதிகம் நம்பாதீர்கள். என் எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு வாரம் இரகசியமாகப் பரீட்சைப் பயிற்சி கொடுத்தவள் நான்.

பரீட்சை வேறொன்றுமில்லை, பல்லுக்கொழுக்கட்டை. முதல் பல் முளைத்ததும் பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை சொரிந்து, முன்னால் தட்டத்தில் பேனை, புத்தகம், காப்பு, கத்தரிக்கோல் என்று பரப்பிவைப்போம். எதை முதலில் தொடுகிறதோ அதுதான் அதன் எதிர்காலம். கனடாவில் இருக்கும் மாமி, என் கணவரின் அம்மா, வீடியோவில் பார்ப்பதாக ஏற்பாடு. "உன்ர வளர்ப்பு அதில தெரியும், பிள்ளை" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். (பிறகு எனக்கு எங்கே சோறு இறங்கியது?) ஆதிரை பேனையைத் தொடும்போதெல்லாம் கைதட்டினேன். ஆறாம் நாள் அவளே பேனையைத் தேடித் தவழ்ந்தாள். எங்கள் ஊர் வட்டக்கச்சியில் ஒரு டொக்டர் உருவாகிக்கொண்டிருந்தார்!

சடங்கன்று பின்னேரம், கொழுக்கட்டையை அள்ளும் நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது, அதோடு வைஃபையும். திரையில் மாமி வாயைத் திறந்தபடி உறைந்துபோனார். பற்றரி வைத்திருந்தவர் பக்கத்து வளவுத் தவம் அண்ணை ஒருவர்தான். தலையில் தேங்காய் விழும் என்று, கடைக்கு நடந்து போகும்போதும் ஹெல்மெற் போடுபவர். அவர் படலையில் ஒரு பலகை தொங்கும்: "நாய் கடிக்காது. நான் கதைக்கமாட்டன்."

போய்க் கெஞ்சினேன். பற்றரியைத் தருவாராம், வீட்டுக்குள் மட்டும் வரமாட்டாராம். வயர் பூட்டத் தெரியாது என்று நான் கண் கலங்கியதும், "ரெண்டு நிமிசம். ஒருத்தரும் என்னோட கதைக்கக்கூடாது" என்று புறப்பட்டார். ஹெல்மெற்றைக் கழற்றவில்லை. (எங்கள் விறாந்தையில் எந்தத் தென்னை நின்றதோ.)

அவர் தரையில் குந்தி வயரைப் பூட்ட, மாமி உயிர்பெற்றார். நான் கொழுக்கட்டையைச் சொரிந்தேன். ஆதிரை புறப்பட்டாள். பேனையைத் தாண்டினாள். புத்தகத்தின் மேல் ஏறி இறங்கினாள். ஹெல்மெற் கண்ணாடிக்குள் இன்னொரு குழந்தை சிரிப்பதைக் கண்டுவிட்டாள்! நேரே போய் அண்ணையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

இது சரிவராது என்று தூக்கிவந்து மறுபடி இருத்தினேன். மறுபடியும் அவரிடமே ஓட்டம். எனக்கு மூளை கலங்கிவிட்டது. பேனையை அவர் கையில் திணித்து, "அண்ணை, இதைப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ" என்றேன். அவள் பேனையைத் தட்டிவிட்டு ஹெல்மெற்றை நக்கத் தொடங்கினாள்.

அண்ணை இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். "தங்கச்சி, இதை எப்பிடி நிப்பாட்டுறது?" என்றார் மெதுவாக.

திரையிலிருந்து தீர்ப்பு வந்தது. "நிப்பாட்டாதேங்கோ தம்பி. பிள்ளை உங்களைத்தான் எடுத்திருக்கு."

ஆதிரைக்கு இப்போது நாலு வயது. அண்ணை தினமும் பின்னேரம் வந்து, கதைக்க வரவில்லை என்று அறிவித்துவிட்டு, அவளோடு ஒரு மணித்தியாலம் கதைக்கிறார். போன மாதம் முன்பள்ளியில், வளர்ந்து என்னவாக வருவீர்கள் என்று கேட்டார்களாம். மற்றப் பிள்ளைகள் டொக்டர், ரீச்சர் என்றிருக்கிறார்கள். என்னுடையது "தவம் மாமா" என்றதாம்.

பயந்து பயந்து மாமிக்குச் சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்:

"அதுக்கு எந்தக் கம்பஸில போய்ப் படிக்கவேணும் எண்டு விசாரிச்சனியே, பிள்ளை?"