எச்.பி.பி. 614 எங்கள் குடும்பக் காரின் எண்தான்

பழைய கார்ப் பிரியர் சங்க மடலின் ஆசிரியை திருமதி பிலிப்பா ஓக்ஷாட் அவர்களுக்கு,

ஷ்ராப்ஷயர் கிளைத் தலைவர் ரூபர்ட் தோர்ன்பரி வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் மூட்டுவலி தேவலை என்று நம்புகிறேன். கைக்கு ஒன்றும் வந்துவிடவில்லை என்பது, "தலைவரின் மோரிஸ் மைனர் காருக்கு எண் மாறிவிட்டதாமே" என்று சென்ற இதழில் நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. சனிக்கிழமை தலைவர் தேர்தல். அதற்குள் மறுப்பு வராவிட்டால் என் பதவி போய்விடும்.

பழைய காரையும் அதன் முதல் எண்ணையும் பிரிப்பவன் மனிதனே அல்ல என்று மேடைக்கு மேடை முழங்கியவன் நான். மனைவியைப் பிரிந்து வந்தவருக்கும் நம் சங்கத்தில் தேநீர் உண்டு. எண்ணைப் பிரித்தவருக்குக் கிடையாது. ஆனால் வீட்டுக் கூரை ஒழுகினால் என்ன செய்வது? காரை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் நல்ல விலைக்கு விற்கச் சட்டம் இடம் தருகிறதே. "வாளிக்கு நடுவுல படுக்கவா உங்களைக் கட்டிக்கிட்டேன்? வித்துத் தொலைங்க அந்த நம்பரை!" என்றாள் என் மனைவி க்வெண்டா. பல் மருத்துவர் ஹ்யூகோ பார்னபி பிம் தன் பெயரின் முதலெழுத்துகளான எச்.பி.பி. என் கார் எண்ணில் இருப்பதைப் பார்த்து மயங்கி, மாட்டுக்கொட்டகை அளவுள்ள தன் மின்சாரக் காருக்கு அதை வாங்கிக்கொண்டார். அரசு அலுவலகம் என் காருக்கு அதன் வயதுக்கேற்ற வேறொரு எண்ணைக் கொடுத்தது. அந்த மூதேவி எண்ணோடு நம் சங்கத்தின் கார்க் கண்காட்சிக்கு எப்படிப் போவது? விற்ற எண் இருந்த பழைய கறுப்புத் தகடுகளையே மேலே திருகிக்கொண்டு போனேன். எல்லோரும் வண்டியைத் தடவிக் கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து, சத்தமே போடாமல் வந்து எனக்கு நேர் எதிரே நின்றது பிம்மின் கார். அதிலும் அதே எண். தேநீர்க் கூடாரமே காலியாகி எங்களைச் சுற்றிக் கூடிவிட்டது. கான்ஸ்டபிள் ரீஸ் கேக் தட்டோடு வந்தார்.

"ஒரே நம்பர்ல ரெண்டு காரு. எதுங்க அசலு?"

"என்னோடதுதான்! எங்கப்பா காலத்துலேருந்து இதே நம்பர்!"

"என்கிட்ட வித்தீங்களே சார், அது என்ன?" என்றார் பிம். "பல்லைப் புடுங்கினப்புறமும் வாயிலதான் இருக்குன்னு சொல்றவங்களை நான் நெறையப் பாத்திருக்கேன்."

"நீங்களே கழட்டுறீங்களா, நான் கழட்டட்டுமா?" என்றார் ரீஸ், கேக்கை விழுங்கிக்கொண்டே.

அத்தனை பேர் முன்னால் புல்தரையில் மண்டியிட்டுத் திருகாணிகளைக் கழற்றினேன். அபராதம்கூட அவ்வளவு வலிக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது அம்மா!

ஆகவே, நான் விற்றது வெறும் காகிதத்தில் இருந்த எண்ணை மட்டுமே, உண்மையான எண் என் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது என்று முதல் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். தங்கள் கணவருக்கும் பூனைக்கும் என் அன்பு.

தங்கள்,
ரூபர்ட் தோர்ன்பரி, தலைவர்

பி.கு.: உறையை ஒட்டும்போது சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "நம்பரை ரோட்டுல அனாதையா விடாம எடுத்துக் காப்பாத்தினவரு பிம்தான். அவருதான் இனிமே தலைவர், போட்டியே இல்ல. காரு புதுசுதான், அதுக்கென்ன, வச்சிருந்தா பழசாயிடும்" என்றார். எண்ணை இழந்த என் காரை இனி கண்காட்சி மைதானத்துக்கு வெளியே, காய்கறி வாங்க வந்த கார்களோடு நிறுத்த வேண்டுமாம். அப்படியொரு விதி இருக்கிறது; எழுதியவன் நான்தான். மறுப்பு வேண்டாம். நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை.