கரி எரிக்கப் போனவர்

கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் கண்ணாடிக்கடைக்காரர் மனைவியிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். எல்லாம் அன்றன்றே பிடிபட்டவை. சிலது பாதி சொல்லும்போதே பிடிபட்டவை. ஒன்றே ஒன்றுதான் ஆறு மாதம் தாக்குப்பிடித்தது. அதற்குக் காரணம் தன் சாமர்த்தியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பாவம்.

அந்தப் பொய்யை அவர் கையில் கொடுத்ததே அவருடைய கார்தான். புது டீசல் கார். ஊர் விட்டு ஊர் ஓடுவதற்கென்று செய்த வண்டி. அதை அவர் வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் ஓட்டினார். ஒன்றரை கிலோமீட்டர். எஞ்சின் தூக்கம் கலைந்து கண் விழிப்பதற்குள் கடை வந்துவிடும். அணைத்துவிடுவார். மத்தியானம் சாப்பாட்டுக்கு மறுபடி ஒன்றரை கிலோமீட்டர். எந்த வண்டிதான் பொறுக்கும்?

ஒருநாள் காலையில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. ஒரு குழாய், அதற்குள் புள்ளி புள்ளியாக ஏதோ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிதான் முதலில் பார்த்தாள்.

"என்னங்க, வண்டிக்கு அம்மை போட்டிருக்கு."

"உளறாதே."

"பாருங்களேன், உடம்பெல்லாம் கொப்புளம்."

ஊருக்கெல்லாம் கண் பரிசோதிக்கிறவர், தன் மூக்குக்கு நேரே இருந்ததைக் குனிந்து பார்த்தார். புள்ளிதான்.

மெக்கானிக் விளக்கிச் சொன்னார். இந்தக் காலத்து டீசல் வண்டி கரியை வெளியே துப்பாது. புகைக்குழாயில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. அது கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நீளமான ரோட்டில் ஒரே சீராக அரைமணி நேரம் ஓடினால், சூடேறி அந்தக் கரியைத் தானே எரித்துவிடும். தெருவுக்குள்ளேயே சுற்றினால் எரியாது. அடைத்துக்கொள்ளும்.

"அடைச்சுக்கிட்டா?" என்று மனைவி கேட்டாள். அவளுக்கு எதையும் கடைசி வரைக்கும் கேட்டுப் பயந்தால்தான் திருப்தி.

"வண்டி வேகமே எடுக்காதும்மா. நடந்து போறவங்க தாண்டிப் போவாங்க. அப்புறம் ஃபில்டரையே மாத்தணும். அந்தக் காசுக்கு ஒரு பழைய வண்டியே வாங்கிடலாம்."

"அய்யய்யோ."

"பயப்படாதீங்க. வாரத்துக்கு ஒரு தடவை பெரிய ரோட்டுல ஒரு ஓட்டம் விட்டாப் போதும். ஒண்ணே ஒண்ணு, எரிய ஆரம்பிச்சிட்டா நடுவுல நிறுத்தக் கூடாது."

மனைவி அந்தக் காசை மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். கண்ணாடிக்கடைக்காரருக்கோ உள்ளே பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது.

காரணம், சீட்டு. மருந்துக்கடை வைத்திருக்கும் சிநேகிதர் வீடு மூன்று தெரு தள்ளி. அந்த வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் சீட்டாடுவார்கள். தோற்றால் கண்ணாடிக்கடைக்காரர் மூன்று நாள் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். தட்டு சரியில்லை, தண்ணீர் சரியில்லை, விசிறி சத்தம் சரியில்லை. பெரும்பாலும் தோற்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், மச்சினனையும் பக்கத்தில் சாட்சிக்கு நிறுத்தி, "இனிமேல் சீட்டைத் தொடமாட்டேன்" என்று சொல்ல வைத்துவிட்டாள் மனைவி. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அவருக்கு ஒட்டடைக் கம்புதான்.

மெக்கானிக் கடையிலிருந்து வீடு வருவதற்குள் பொய் தயாராகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குக் கரி எரிக்கக் கிளம்பிடுவேன். வர பதினொன்றரை ஆகும்."

"நானும் வரேனே. நல்ல காத்து வரும்."

"கூடாது. ஆள் ஏறினா எடை. எடை கூடினா சூடு சரியா ஏறாது."

"அப்படியா?"

"அப்படித்தான். எல்லாம் கணக்கு."

"சரிங்க" என்றாள். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரே பேச்சில் 'சரிங்க' சொன்னது அது இரண்டாவது தடவை. முதல் தடவை, பெண் பார்க்கப் போனபோது. அந்த இடத்திலேயே மனிதர் உஷாராகியிருக்க வேண்டாமா?

முதல் ஞாயிறு உண்மையாகவே பெரிய ரோட்டில் ஓட்டினார். அடுத்த ஞாயிறிலிருந்து மூன்றே தெரு. மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் பின்னால் வண்டியை நல்ல வெயிலாகப் பார்த்து நிறுத்துவார். மாடியேறுவார். பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்து மனைவியைக் கூப்பிடுவார்.

"பானெட்டைத் தொட்டுப் பாரு."

"ஐயோ, கொதிக்குதுங்க!"

"எரிஞ்சிருக்கு இல்ல?"

"நல்லாவே எரிஞ்சிருக்கு."

டீசலும் அவருக்கு ஆதரவாகவே இறங்கியது. மூன்று தெருவுக்கு இவ்வளவா என்று அவர் யோசிக்கவே இல்லை. முள்ளைக் காட்டி, "பாரு, என்ன குடி குடிச்சிருக்கு" என்று பெருமைப்படுவார். "ஆமாங்க, பாவம், நீங்களும் எவ்வளவு தூரம்தான் தனியா ஓட்டுவீங்க" என்று அவள் விசிறியை அவர் பக்கம் திருப்பி வைப்பாள். இதற்கெல்லாம் மேலே, சீட்டும் அவர் பக்கம் சாய்ந்தது. ஞாயிறு தவறாமல் ஜெயித்தார். பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆனால் தப்புச் செய்தவன் மனசு சும்மா இருக்குமா? ஒவ்வொரு காலையும் சாவியைத் திருப்பும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். இன்றைக்குப் புள்ளி விளக்கு எரியப்போகிறது. ஒரு கண்ணைத் திறப்பார். இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம். விளக்கு வரவே இல்லை. முதலில் அதிர்ஷ்டம் என்று நினைத்தார். பிறகு, மெக்கானிக்குகள் சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். அப்புறம் ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் கண்ணில் டார்ச் அடித்துக்கொண்டிருக்கும்போது, டார்ச் பட்டென்று அணைந்துபோனது. பல்பு போய்விட்டது.

அவருக்கு வியர்த்துவிட்டது. காரிலும் அந்த விளக்கின் பல்பே போயிருந்தால்? உள்ளே கரி கழுத்துவரை அடைத்து, சொல்ல வாயில்லாமல் வண்டி தவித்துக்கொண்டிருந்தால்?

திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் ஓடினார். மெக்கானிக் ஒரு சின்னப் பெட்டியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினார். திரையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"சார், உங்க கையைக் கொடுங்க."

"ஏன்? ரொம்ப மோசமா?"

"வண்டியை இப்படிப் பார்த்துக்கிற ஆளை நான் கண்டதில்ல. நாலு மாசமா வாரம் தவறாம முழுசா எரிஞ்சிருக்கு. கடைசியா போன புதன்கிழமை, காலைல பதினொண்ணு பத்துக்கு. அதுக்கு முந்தின வாரமும் புதன். அதுக்கு முந்தியும் புதன்."

சொல்லும்போது மெக்கானிக்கின் மீசை லேசாகத் துடித்தது. அதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை.

புதன்கிழமை! கடைத்தெருவில் அன்று சந்தை. வண்டியை உள்ளே விடமாட்டார்கள். நடந்துதான் கடைக்குப் போவார். கார் வீட்டில் நிற்கும். சாவி சமையலறை ஆணியில் தொங்கும். அப்படியானால் யாரோ எடுக்கிறார்கள். மனைவியாக இருக்க முடியாது. பத்து வருஷத்துக்கு முன்னால் பழைய காரில் அவரே இரண்டு நாள் கற்றுக்கொடுத்துவிட்டு, "உனக்கு இந்த ஜென்மத்துல வராது" என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மச்சினன்தான். வண்டி வாங்கிய நாளிலிருந்தே அவனுக்கு ஒரு கண்.

வீட்டுக்குப் போய் உரக்கக் கேட்டுவிடுவது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினார். வாசலுக்கு வந்ததும் நெஞ்சு தானாக இறங்கியது. என்னவென்று கேட்பது? 'புதன்கிழமை வண்டி ஓடியிருக்கு' என்று கேட்டால், 'ஞாயிற்றுக்கிழமை ஓடலையா' என்று திருப்பிக் கேட்பாள். மடியில் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு யாரைத் திருடன் என்பது?

"புதன்கிழமை உன் தம்பி இந்தப் பக்கம் வர்றதுண்டா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். பாசம்."

"உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு, அவர் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

புதன்கிழமை வந்தது. கடைக்குப் போகிற மாதிரி கிளம்பி, தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தினார். பத்தரைக்குக் கேட் திறந்தது. சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தது மச்சினன் இல்லை. மனைவி. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அவர் கடைச் சரக்கு. ஃபிரேம் அவள் முகத்துக்கு அளவெடுத்த மாதிரிப் பொருந்தியிருந்தது. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது. முன் இருக்கையில், துண்டும் பையுமாக மருந்துக்கடைக்காரர் மனைவி ஏறிக்கொண்டாள். வண்டி ஒரே மூச்சில் பின்னால் வந்து, வளைந்து, நேராகி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"கால் மரத்துப்போயிடும். ஏறுங்க."

"நான்... இங்க ஒரு குழாய் ஒழுகுதுன்னு..."

"ஏறுங்கண்ணே" என்றாள் மருந்துக்கடைக்காரர் மனைவி. "வெயில்ல எவ்வளவு நேரம் குந்துவீங்க?"

ஏறினார். பின் இருக்கையில், இரண்டு பைகளுக்கு நடுவில். வண்டி பெரிய ரோட்டுக்கு வந்து வேகமெடுத்தது. மனைவி காதைக் கூர்மையாக்கினாள்.

"சத்தம் மாறுது பாருங்க. எரிய ஆரம்பிச்சிருச்சு."

அவருக்கு ஒரு மாற்றமும் கேட்கவில்லை. "நீ எப்போ ஓட்டக் கத்துக்கிட்ட?" என்று கத்தினார்.

"நீங்க கரி எரிக்கப் போன ஞாயித்துக்கிழமையிலதான். ஒன்றரை மணி நேரம் வீட்டுல ஆள் இல்ல. டிரைவிங் ஸ்கூல் அக்கா வாசலுக்கே வந்து கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு மாசத்துல லைசென்ஸ்."

"எனக்குத் தெரியாமயா?"

"ரெண்டாவது வாரமே இவங்க எனக்கு ஃபோன் பண்ணிட்டாங்க."

மருந்துக்கடைக்காரர் மனைவி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "'அக்கா, உங்க வீட்டுக்காரர் எங்க வீட்டு மாடியில கரி எரிச்சுக்கிட்டிருக்கார்'னேன்."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டா ஒத்துக்குவீங்களா? வண்டி வீணாப் போயிடுமேன்னு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. மெக்கானிக்கிட்டக் கேட்டேன். யார் ஓட்டினாலும் எரியும்னு சொல்லிட்டார். எடையெல்லாம் ஒண்ணும் இல்லையாமே?"

கண்ணாடிக்கடைக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு மரியாதை. அதை எடுத்து விட்டார்.

"சரி, ஆடினேன். ஆனா இந்தத் தடவை தோத்து வந்து உன்னைப் படுத்தினேனா? ஒரு ஆட்டம் தோத்தேனா, கேட்டுப் பாருங்க!"

முன் இருக்கையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லிடவா அக்கா?"

"சொல்லிடு."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட நான்தான் சொல்லி வச்சிருக்கேண்ணே. 'நீங்க ஜெயிச்சா அக்கா வீட்டுல மூணு நாள் நிம்மதி போயிடும், அதனால தோத்துருங்க'ன்னு. சில நாள் உங்ககிட்டத் தோக்கறதுக்கு அவர் படாத பாடு படறாராம்."

"நிறுத்து வண்டியை! நான் இறங்கறேன்!"

"எப்படிங்க நிறுத்தறது? நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு நீங்களும் கூட இருந்துதானே கேட்டீங்க?"

இருபத்தைந்து நிமிஷம் நிறுத்த முடியாத வண்டியில், அவர் ஆறு மாதமாக ஜெயித்த ஒவ்வொரு ஆட்டமும் எப்படி ஜெயிக்கப்பட்டது என்பதை விவரமாகக் கேட்டுக்கொண்டே போனார். இறங்கிய இடம் ஒரு நீச்சல் குளம். பெண்களுக்கு மட்டுமான நேரம். அவர்கள் இருவரும் நீந்திக் களைத்து ஈரத்தலையோடு வரும்வரை, மரத்தடியில் வண்டிக்குக் காவல் இருந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்குள் ஆண்மை விழித்துக்கொண்டது.

"சாவியைக் கொடு. திரும்பும்போது நான்தான் ஓட்டுவேன்."

"தாராளமா ஓட்டுங்க" என்று கொடுத்தாள்.

ஏறினார். கதவை ஓங்கிச் சாத்தினார். யாரையும் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் டொக்கென்று சத்தம் கேட்டது. குளத்தின் காவல்காரர் ஓடி வந்து பார்த்துவிட்டு, "எங்க தூணுக்கு ஒண்ணும் ஆகலைங்க" என்று ஆறுதல் சொன்னார். பின் விளக்கு ஒன்று மட்டும் பொடிப்பொடியாகத் தரையில் கிடந்தது. மனைவி வந்தாள். அவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் இறங்கி, பின்னால் போய், ஈரத்துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

பாதி வழி வந்த பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. விட்டுக்கொடுத்து ஜெயிக்கிற ஆட்டம் எனக்கு வேண்டாம். இனிமே சீட்டைக் கையால தொடமாட்டேன். ஞாயித்துக்கிழமை எங்கேயும் போகமாட்டேன். வீட்டுலதான் இருப்பேன்."

எவ்வளவு பெரிய தியாகம்! அவள் கண் கலங்கி, 'பரவாயில்லைங்க, போய் ஆடுங்க' என்று சொல்லுவாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"வீட்டுல இருந்தா எப்படிங்க? பத்து மணிக்கு டிரைவிங் ஸ்கூல் அக்கா வருவாங்க. குளத்துலேருந்தே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன், இவருக்கு ரிவர்ஸ் மட்டும் சொல்லிக் கொடுத்தாப் போதும்னு."