முப்பத்திரண்டாம் பக்கத்துக் கை

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக உலகில் நடந்த மகத்தான காரியம், ஒரு தோல் மருத்துவ மாத இதழ் 'அனைத்துத் தோல் அரவணைப்புக் குழு' அமைத்ததுதான். குழுவில் பன்முகத்தன்மைக்குக் குறைவே இல்லை. ஏழு பேரில் இருவர் மூக்குக்கண்ணாடி போட்டவர்கள், ஒருவர் இடதுகைக்காரர்.

செய்தி கேட்டு அதிகம் பூரித்தவர் இதழின் படப் பிரிவுக்காரர். அவருடைய அக்காவுக்கு நான்கு மாதமாகக் கையில் அரிப்பும் தடிப்பும். அக்காவின் டாக்டர் இந்த இதழைப் பார்த்துத்தான் வைத்தியம் செய்பவர். படத்தில் சிவப்பாக இருப்பது இந்தக் கையில் கருப்பாக இருக்கிறது, ஆகவே இது நோயல்ல, அழுக்கு என்று தீர்ப்பளித்து, நன்றாகத் தேய்த்துக் குளிக்கச் சொல்லிவிட்டார். அக்கா தேய்த்த தேய்ப்பில் தடிப்பு மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குக் குடியேறியது.

தம்பி அந்தக் கையைப் படமெடுத்துக் குழுவின் முன் வைத்தார். குழு கொண்டுவரப்போகும் சிறப்பிதழுக்கு இதைவிட நல்ல படம் கிடையாது, சந்தேகமே இல்லாமல் அந்த நோய்தான் என்று ஏழு பேரும் மகிழ்ந்தார்கள். அப்படியே ஒரு மருந்து எழுதித் தரலாமே என்று தம்பி இழுத்தார். இது படம் பார்க்கும் குழு, நோயாளி பார்க்கும் குழு அல்ல என்று அன்போடு விளக்கப்பட்டது. இதழ் வந்ததும் டாக்டரே தெரிந்துகொள்வாராம்.

ஒரே ஒரு சிக்கல். படப் பிரிவின் சுவரில் இதழின் நிறுவனருடைய புறங்கைப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அச்சுக்குப் போகும் எந்தத் தோலையும் அந்தக் கையின் நிறத்துக்கு வெளுத்தாக வேண்டும். அதுதான் 'தெளிவு விதி'. அக்கா படத்துக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்றார் தம்பி.

குழுத் தலைவர் மனம் புண்பட்டார். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். உங்க அக்காவுக்கு மட்டும் தனிச் சலுகைன்னா, அப்புறம் சமத்துவம் எங்க இருக்கு?"

தம்பி தன் கையாலேயே வெளுத்தார். படம் முப்பத்திரண்டாம் பக்கத்தில் வந்தது. சிறப்பிதழுக்கு விருது கிடைத்தது.

அக்காவும் தம்பியும் இதழோடு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் முப்பத்திரண்டாம் பக்கத்தையும் அக்காவின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே இடத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருப்பதை வியந்தார்.

"பாத்தீங்களாம்மா, நோய்னா இப்படி இருக்கணும். உங்களுக்கு அழுக்குதான். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ங்க."

வெளியே வந்ததும் அக்கா பக்கத்தை விரித்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"நாலு மாசமா நானும் தேய்க்கிறேன், போகமாட்டேங்குது. நீ எதைப் போட்டுடா தேய்ச்சே?"