எங்கள் அமெரிக்கா வரி போடவில்லை

ஒரு நாடு செய்த காரியத்துக்கு ஒற்றை ஆள் பதில் சொல்லித் திரிந்த கதை உலகத்தில் வேறெங்கும் இருக்காது. எங்கள் ஊரான பாக்கார் ஆராங்கில் உண்டு. அந்த ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் அமெரிக்கா.

அவர் கொண்டெய்னர் லாரி ஓட்டுபவர். தொழிற்சாலைகளில் நாற்காலி, மேசை ஏற்றிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் இறக்குவார். அங்கிருந்து கப்பல் ஏறிப் போவது நாற்காலிதான். ஆனால் இவர் சாவியைச் சுழற்றிக்கொண்டே, "அண்ணே, அமெரிக்கா போயிட்டு மத்தியானம் வந்துர்றேன்" என்பார். துறைமுகம் இருக்கும் பட்டர்வொர்த்தைத் தாண்டி அவர் கால் போனதில்லை. அபிப்பிராயத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"அங்க சனங்க நாற்காலிய ஒடைக்காம உக்காரவே மாட்டாங்க லா. இல்லாட்டி மாசாமாசம் இத்தன நாற்காலி எதுக்கு?"

நான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன். பால்மரம் வெட்டித் தொடங்கி, இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் இந்த இரண்டு கை. வேறு எவனும் தூக்கிவிடவில்லை. நாங்கள் செய்வது பேலட். பெட்டிகளை அடுக்கித் தூக்குவதற்கு அடியில் வைக்கும் மரத்தட்டு. சரக்கு கப்பல் ஏறினால் என் கைவேலையும் கூடவே ஏறும். அந்தக் கணக்கில் அமெரிக்காவைவிட நான்தான் அதிகமாக அமெரிக்கா போயிருக்கிறேன்.

நிஜ அமெரிக்கா நம் சாமான்களுக்கு வரி போடப் போகிறது என்று செய்தி வந்த சமயம், தொழிற்சாலைகள் பேய் பிடித்தது போல ஓடின. பேலட் கொடு, பேலட் கொடு என்று ஒரே நச்சரிப்பு. நான் இன்னொரு ஆணி அடிக்கும் மிஷின் வாங்கினேன். கையுறைத் தொழிற்சாலையில் நிரந்தர வேலையில் இருந்த மேரியையும் நானே போய் அழைத்து வந்தேன். கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். "எங்கிட்ட வாம்மா. பிள்ளைங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் வேலைக்கு நான் பொறுப்பு" என்று அவள் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னேன்.

அமெரிக்கா வந்து புது மிஷினை மூன்று முறை சுற்றிப் பார்த்தார்.

"எதுக்குண்ணே இது?"

"பாத்தா தெரியலையா? வியாபாரம் ஏறுதுய்யா."

"ஏறலண்ணே. வரி வர்றதுக்குள்ள அங்க இருக்கிறவன் வாங்கிக் குவிக்கிறான். தீபாவளிக்கு மொத நாள் கடத்தெருவப் பாத்து எவனாச்சும் ரெண்டாவது கட போடுவானா?"

"லாரி ஓட்டுற நீ எனக்குத் தொழில் சொல்றியா?"

"ஓட்டுறதாலதான் சொல்றேன். எந்த ஃபேக்டரியும் அடுத்த மாசத்துக்கு லாரி கேக்கலண்ணே."

"போய் உன் நாட்டப் பாருய்யா" என்று அனுப்பிவிட்டேன்.

வரி வந்தது. ஆர்டர் குழாயை மூடியது போல நின்றது. நாங்கள் கூடும் ரொட்டிச் சானாய்த் தேநீர்க்கடையில் அமெரிக்காவை நிறுத்தி வைத்து விசாரணையே நடத்தினோம்.

"யோவ் அமெரிக்கா, உனக்கு என்னய்யா கொற வச்சோம்? ஏன்யா வரி போட்ட?" என்றேன். கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார்.

"வரிய நாம கட்டலண்ணே. அங்க சரக்க எறக்குறவன் கட்டுறான்."

"அப்ப நமக்கு என்ன வந்துச்சு?"

"அவன் பாரத்த நம்ம பக்கம் தள்ளுவான். நாற்காலி வெலயக் கொறன்னு ஃபேக்டரிக்காரன்கிட்ட சொல்லுவான். ஃபேக்டரிக்காரன் பேலட் வெலயக் கொறன்னு உங்ககிட்ட சொல்லுவான். நீங்க..."

தேநீரை எடுத்துக் குடித்தார். எனக்கு அடுத்த படியில் நிற்பது யார் என்று எனக்குத் தெரியாதா?

மேரி தினமும் சும்மா நிற்கும் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாரம் துணியைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"அண்ணே, என்னை நிப்பாட்டறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. பழைய எடத்துல திரும்ப எடுக்க மாட்டாங்க. நான் வேற வேல தேடணும்."

வாயால் பிழைத்தவன் என்று என்னைச் சொல்வார்கள். அன்று "வியாழக்கிழமை சொல்றேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை மதியம் அமெரிக்கா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் உமித்தூசி.

"அண்ணே, அலோர் ஸ்டாருல மெர்கோங் பக்கம் ஒரு நெல்லு மில்லு. மூட்டையெல்லாம் சிமெண்டுத் தரையில கெடக்கு. ஈரம் ஏறி அடிமூட்ட வீணாவுது. பேசிட்டேன். பேலட் எடுத்துக்கிறாங்களாம். பழைய ஒடஞ்சதையும் சரி பண்ணித் தரணுமாம்."

"கப்பல் ஏறுற பேலட் செய்றவன்யா நான். ஒடஞ்சதுக்கு ஒட்டுப் போடணுமா?"

"அரிசி கப்பல் ஏறாதுண்ணே. நம்ம வயித்துக்குள்ளதான் போவும். அங்க எவனும் வரி போட முடியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நீ தெக்கால துறைமுகத்துக்கு ஓட்டுறவன். வடக்கே அலோர் ஸ்டார் பக்கம் உனக்கு என்ன வேல?"

அவர் ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார். மேரிதான் சொன்னாள். அவள் குடியிருப்பது அவருக்கு அடுத்த வரிசை வீடு.

"அவருக்கு லாரியே இல்லண்ணே. சரக்கு இல்லன்னு கம்பெனியில நிப்பாட்டி ரெண்டு வாரமாச்சு. தெனம் மோட்டார எடுத்துக்கிட்டு வேல தேடிப் போறாரு."

"மில்லுல டிரைவர் வேல கேட்டேன், இல்லன்னுட்டாங்க" என்றார் அமெரிக்கா, என் முகத்தைப் பார்க்காமல். "வெளிய வரும்போது மூட்டையப் பாத்தேன். மேரி தங்கச்சி நெனப்பு வந்துச்சு. திரும்ப உள்ள போயிப் பேசினேன்."

தனக்கு இல்லை என்று சொன்ன வாசலுக்குள் இன்னொருவருக்காகத் திரும்பிப் போகும் துணிவு எனக்கு இருந்ததே இல்லை. நான் பெருமையடித்த காரியங்களில் அப்படி ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டேன்; இல்லை.

வியாழக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அந்த நிமிடமே மேரியிடம் மிஷினுக்கு எண்ணெய் போடச் சொன்னேன். பேலட் ஏற்றும் என் சின்ன லாரியின் சாவியை அமெரிக்காவிடம் நீட்டினேன். "எனக்குக் கண்ணு மங்குதுய்யா. இனிமே நீயே ஓட்டு" என்றேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

பழைய வியாபாரம் திரும்பவில்லை. வரி ஏறும், இறங்கும் என்று நாளுக்கொரு செய்தி வருகிறது. ஒரு மிஷின் பாதி நாள் சும்மாதான் நிற்கிறது. ஆனால் பட்டறையை விட்டு யாரும் போகவில்லை.

எனக்குச் சர்க்கரை வியாதி. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. அமெரிக்கா மெர்கோங்கிலிருந்து ஓட்டி வரும் லாரிக்கு நேரம் காலம் கிடையாது. "சாப்பிடலையாண்ணே?" என்று மேரி கேட்கும்போதெல்லாம் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக் கேரியரைத் திறக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.