உங்கள் காலண்டரில் விரத நாட்களைக் குறையுங்கள்

சாங்கலி,
ஜூலை 22

'கிருஷ்ணாகாட் மாதக் காலண்டர்' ஆசிரியர் அவர்களுக்கு, மந்தாகினி ராஜ்வாடே நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. எழுத விடாமல் செய்தது நீங்கள்.

என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. இரண்டு கண்ணிலும் புரை. போன வாரம் பால்காரரைத் தன் அண்ணன் என்று நினைத்துக் காலில் விழுந்தார், அந்த மனிதரும் ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். கண் டாக்டர் இரண்டு முறை அறுவைக்கு நாள் குறித்து இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார். சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்பாராம். நான் சோற்றை நிறுத்தினேன், உருளைக்கிழங்கை நிறுத்தினேன். மனிதர் முணுமுணுக்காமல் சோள ரொட்டியும் வெந்தயக் கீரையும் தின்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அதே மாதம் அவருக்குப் பக்தி வந்துவிட்டது. கோயில் வாசலில் தினமும் பஸ் நின்றும் ஒரு நாள் இறங்கிக் கும்பிடாதவர், உங்கள் காலண்டரில் மூக்கு இடிக்க நின்று பூதக்கண்ணாடியால் விரதம் தேடுகிறார். திங்கள் சிவனுக்கு, வியாழன் தத்தாத்ரேயருக்கு, சனி மாருதிக்கு, நடுவில் ஏகாதசி, பிரதோஷம், சதுர்த்தி. விரதமென்றால் சோறு கிடையாது, சரி. ஜவ்வரிசிக் கிச்சடி உண்டே, நெய்யும் வேர்க்கடலையும் உருளைக்கிழங்கும் போட்டுத் தட்டு நிறைய. போதாதென்று இந்த மாதத் தாளின் முதுகில் ஜவ்வரிசி வடை செய்முறை வேறு போட்டு, எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினீர்கள்.

"அது சுத்த மாவுங்க, சோத்தைவிட மோசம்னு டாக்டர் சொல்றார்" என்றேன். "டாக்டர் பெருசா, மாருதி பெருசா?" என்றார். சனிக்கிழமை ஆறு வடை. இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் முந்நூற்று நாற்பத்தெட்டு. "காலைலேருந்து ஒரு பருக்கை தொடல. மெஷின் பொய் சொல்லுது" என்கிறார். "மெஷினுக்கு வாய் இல்ல, உங்களுக்குத்தான் இருக்கு, அதை மூடுங்க" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். எதிரே நின்று அழுகிறேன் ஐயா, அவருக்குத் தெரியவில்லை. "ஏன் பேசாம நிக்கிற?" என்று கேட்கிறார்.

ஆகவே அடுத்த வருஷம் முதல் மாதத்துக்கு ஒரு சாமி போதும். வடை செய்முறைக்கு மேலே, சர்க்கரைக்காரர்கள் கிட்டே வரக்கூடாது என்று போடுங்கள், இவர் கண்ணுக்கும் தெரிகிற அளவு பெரிய எழுத்தில். உங்கள் அச்சகமும் பிள்ளைகுட்டிகளும் நன்றாக இருக்கட்டும். வயதில் மூத்தவள், சாபம் கொடுத்தால் பலிக்கும், கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
மந்தாகினி ராஜ்வாடே

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் எட்டு நாள் வைத்திருந்தேன். அதற்குள் உங்கள் காலண்டரைக் கிழித்து அடுப்பில் போட்டேன், வீட்டிலிருந்த ஜவ்வரிசியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். இன்று காலை சர்க்கரை நூற்று ஐம்பத்தெட்டு, புதன்கிழமை அறுவை. இந்த நாள் வந்தால் பதினொரு சங்கடஹர சதுர்த்திக்கு விரதம் இருப்பதாகக் கணபதியிடம் வேண்டியிருந்தேன். பெண்டாட்டி பட்டினி கிடக்க நான் மட்டும் தின்பதா என்று அவரும் சேர்ந்துகொண்டார். அதுவும் நியாயம்தானே, ஜவ்வரிசியைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். சதுர்த்தி விரதம் நிலாவைப் பார்த்துத்தான் முடிக்க வேண்டும்; அவர் கண்ணுக்குத் தெரியாததால் இதுவரை நான்தான் பார்த்துச் சொல்வேன். இந்தத் தடவை அவரே பார்த்து எனக்குச் சொல்வாராம். நிலா உதிக்கும் நேரம் தெரிய வேண்டும்; ஒரு காலண்டர் உடனே அனுப்பவும்.