இசைவாக்கிய கணக்கில் சிமியோன்

உலக நாடுகளெல்லாம் ஒரே விதமாகக் கணக்கெழுதுவதென்று முடிவாகிவிட்டதால், இனி மனிதகுலத்துக்கு ஒரு குறையும் வராது. அப்படியொரு பொற்காலம் வரப்போவது தெரியாமல், யாழ்ப்பாணத்துக் குருநகர் சிமியோன் ஒரு பின்னேரம் மனைவி லூர்த்தம்மாவிடம், "புளியை ஊறப்போட்டு வை, விடிய ஓரா மீன் கொண்டாறன்" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனார். எல்லை தாண்டி வந்த இழுவைப் படகொன்று அவருடைய வள்ளத்தை இடித்துவிட்டு நில்லாமல் போனது. கூடப் போன அடைக்கலநாதன் நீந்திக் கரை சேர்ந்தார். சிமியோன் கிடைக்கவில்லை.

மீனை விற்குமுன் ஆளுக்காள் வீட்டுக் கறிக்கென்று கொஞ்சம் எடுப்பார்கள். கடலில் போனவன் வீட்டுக்கும் அந்தப் பங்கு போவது அந்தக் கரையின் வழக்கம். ஒரு வருசத்துக்கு மேலாக அடைக்கலநாதன் அதைத் தவறாமல் லூர்த்தம்மாவின் வாசலில் வைத்துவந்தார்.

வழக்கமென்பது சர்வதேசத் தரத்துக்கு உட்படாத வஸ்து அல்லவா? ஆகவே ஊர்க் கணக்கை உலகக் கணக்கோடு பொருத்த, மீனவர் சங்க மண்டபத்தில் 'இசைவாக்கல் கூட்டம்' கூடியது; லூர்த்தம்மாவையும் அழைத்திருந்தார்கள். புள்ளிவிபரத் திணைக்கள உத்தியோகத்தர் கோபிசங்கர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தாமல் உலகத்துக்காக வியர்த்தார்.

"அம்மா, கடலுக்குப் போகாத ஆளுக்குப் பங்கு குடுக்கேலாது. கணக்கிலை என்ன வகையெண்டு தெரியாட்டில் நிப்பாட்டத்தான் வேணும்."

"அது அவரின்ரை பங்கு, தம்பி."

"அவர்தான் இல்லையே?"

"இருந்தால் அவரெல்லோ கொண்டருவார்."

கோபிசங்கர் தடித்த கைநூலைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"ஒரு வருசத்துக்கு மேலை நாட்டிலை இல்லாத ஆள் 'வெளிநாட்டு வாசி'. அப்ப இந்த மீன், 'வெளிநாட்டிலிருந்து குடும்பத்துக்கு வரும் உதவி'! யாழ்ப்பாணத்துக்கு நல்லாப் பொருந்துது. ஓமெண்டு ஒரு கையெழுத்து வையுங்கோ, மீன் வந்துகொண்டிருக்கும்."

"வையுங்கோ மச்சாள்," என்று அடைக்கலநாதன் காதுக்குள் சொன்னார். "கனடா எண்டு போட்டாலும் பரவாயில்லை."

"கனடாவிலை இருக்கிற மனுசன் ஒரு ரெலிபோன் கோலும் எடுக்கேல்லையே, அடைக்கலம்?"

மண்டபம் சிரித்தது. லூர்த்தம்மா சிரிக்கவில்லை.

கோபிசங்கர் அவளைத் தேற்றினார். கல் மனதுக்காரர் அல்ல.

"கவலைப்படாதேங்கோ அம்மா. அவரைத் தேட எரிச்ச டீசல், துக்கத்துக்குப் போட்ட பந்தல், வாடகைக் கதிரை எல்லாம் எங்கடை நாட்டு உற்பத்தியிலை சேர்ந்திட்டுது. அந்தப் படகு பிடிச்ச மீன் அவையின்ரை நாட்டு உற்பத்தியிலை. ரெண்டு கணக்கும் அச்சொட்டாய் இசையுது. ஒருத்தருக்கும் நட்டமில்லை."

"இடிச்சதை எந்தத் தலைப்பிலை போட்டிருக்கு?"

கோபிசங்கர் நேர்மையானவர். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினார்.

"அதுக்குத் தலைப்பில்லை அம்மா."

"அப்ப எனக்கும் கையெழுத்தில்லை."

லூர்த்தம்மா வீட்டுக்குப் போகும் கறிமீன் பங்கு நிறுத்தப்படுவதாகத் தீர்மானம் நிறைவேறியது. இப்படியாக, ஒரு மனிதனைக் கொன்றும் எந்த நாட்டுக்கும் நட்டம் வராத கணக்கை உலகம் எழுதிமுடித்தது.

மறுநாள் விடிய, லூர்த்தம்மாவின் வாசலில் ஓரா கிடந்தது.