எட்டுப் பேருக்கு ஒரு சட்டி

நான் ஒருமுறை எட்டுப் பேருடைய சாப்பாட்டைத் தனியாளாகத் தின்று முடித்திருக்கிறேன். பசியால் அல்ல, மரியாதையால். (பசி என்றாலாவது மன்னிப்புக் கிடைத்திருக்கும்.)

அப்போது நானும் மனைவி ரெஜினாவும் ஓக்லாந்தின் ரானுயிப் பகுதியில், ஒரு கராஜை மறித்துக் கட்டிய அறையில் இருந்தோம். அவளுக்கு ஏழு மாதம். சுவரெல்லாம் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்திருந்தது. பிள்ளையை இங்கே வைத்திருக்கக் கூடாது என்று தாதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பார்த்த வீடெல்லாம் கைநழுவிப் போன பிறகுதான், ஹில்ஸ்பரோவில் பிலார் அன்ரியின் பின்வீடு காலியாக இருப்பது தெரிந்தது. அவர் ஸ்பெயின்காரர். "ஞாயிறு பின்னேரம் சாப்பிட வாருங்கள். ஆளைப் பார்த்துத்தான் வீடு" என்றார்.

"அங்க போய் வாயைத் திறந்து கனக்கக் கதையாதேங்கோ," என்று ரெஜினா பஸ்ஸிலேயே எச்சரித்தாள். (வாயைத் திறந்து வேறு எதுவும் செய்யக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.)

உள்ளே போனதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. சுவரை நிறைத்து அன்ரியின் ஊர்ப் படம். பெரிய மலைப்பாறை, அதன் வயிற்றுக்குள் வரிசையாக வெள்ளை வீடுகள். பாறைதான் எல்லா வீட்டுக்கும் கூரை. உச்சியில் அரேபியர் கட்டிய கோட்டை. அதைப் பிடிக்க வந்த ராசாக்கள் பலமுறை வெறுங்கையோடு திரும்பினார்களாம். கீழே கண்ணுக்கெட்டும் தூரம் ஒலிவ் மரங்கள்.

"என் அடுப்படியில் நேராகக் கீழே துளை போட்டுக்கொண்டே போனால், ஏறக்குறைய அங்கேதான் வெளியே வருவாய்," என்றார் அன்ரி.

என் காலடியில், பூமியின் மறுபக்கத்தில், ஒரு ஊர் இப்போதுதான் விடிந்து கோப்பி குடிக்கிறது! எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதன்பிறகு பாதத்தைக்கூட மெதுவாகத்தான் வைத்தேன்.

அந்த ஊரிலிருந்து அன்ரியின் தங்கை தொலைபேசியில் நேரலையாகப் படம் காட்டினார். மாதக்கணக்காக வறண்டு கிடந்த ஊரில் மழை. பாறையின் விளிம்பிலிருந்து தண்ணீர் திரைபோல் விழுந்தது. அன்ரியும் விருந்துக்கு வந்திருந்த அவருடைய உறவினர் ஐந்து பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நானும் உறிஞ்சினேன்.

மழை பெய்தால் அங்கே ஒலிவ் பறிக்கப் போக முடியாது. அன்றைக்கு வீட்டுக்கு வீடு பழைய ரொட்டியை உதிர்த்து, ஒலிவ் எண்ணெயில் உள்ளிப்பூண்டும் இறைச்சியும் போட்டு வறுப்பார்களாம். "அங்கே மழை என்றால்தான் இங்கே வறுப்பேன். ஓக்லாந்து மழைக்கெல்லாம் வறுத்தால் நான் படுக்கவே முடியாது," என்று சொல்லிக்கொண்டே அன்ரி பெரிய இரும்புச் சட்டியை மேசை நடுவில் வைத்தார். தட்டு இல்லை. ஆளுக்கொரு கரண்டி மட்டும்.

"விருந்தாளி முதலில்," என்றார்.

ஒரு கரண்டி தின்றேன். எண்ணெயில் வறுத்த புட்டைப் போல, ஆனால் அதைவிடப் பத்து மடங்கு ருசி. மெய்மறந்து அதே கரண்டியை மறுபடி சட்டிக்குள் விட்டேன். பிறகுதான் உறைத்தது. மற்ற எல்லோரும் ஓர் அடி தள்ளி, கரண்டியோடு நின்றார்கள்.

"என்னப்பா செய்யிறியள்?" ரெஜினா காதுக்குள் கேட்டாள்.

"எச்சில் பண்ணிப்போட்டன். இனி இதை எப்பிடி அவைக்குக் குடுக்கிறது?"

அவள் யோசித்தாள். "ஓம், என்ன. அப்ப முடிச்சுவிடுங்கோ."

முடித்தேன். பாதியில் வயிறு கெஞ்சியது, பெல்ட்டைத் தளர்த்தினேன். எல்லோரும் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசிப் பருக்கையும் போன பிறகு அன்ரி மெதுவாகச் சொன்னார்: "எங்கள் ஊரில் ஒரு கரண்டி எடுத்தால் ஓர் அடி பின்னால் போக வேண்டும். பிறகு அடுத்த ஆள். பஞ்ச காலத்தில் ஒன்பது பேர் ஒரே சட்டியில் இப்படித்தான் சாப்பிட்டோம். யாருக்கும் ஒரு வாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

வெட்கத்தில் கூசிப்போனேன். வீடு போய்விட்டது, பிள்ளை அந்தப் பூஞ்சணச் சுவருக்குத்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். எச்சில் விவகாரத்தைத் திக்கித் திணறி விளக்கினேன்.

"அப்படியானால் எங்களுக்காகவா இவ்வளவும் தின்றாய்?"

"ஓம்" என்று தலையாட்டினேன். அதற்குமேல் பேச வயிற்றில் இடம் இல்லை.

அன்ரி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்தார். "இன்றுவரை அந்தச் சட்டியில் ஒரு ஆளாவது வயிறு முட்டத் தின்று நான் பார்த்ததே இல்லை," என்றார். பிறகு ரெஜினாவின் வயிற்றைப் பார்த்தார், சாவியை எடுத்து வந்தார்.

வாடகை ஒப்பந்தத்தின் அடியில் அவர் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: ஸ்பெயினில் எங்கள் ஊரில் மழை பெய்யும் நாளில் வாடகைக்காரர் குடும்பத்தோடு முன்வீட்டுக்கு வரவேண்டும், ஆண், சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். வளர்ந்து வாசிக்கப் பழகிவிட்ட எங்கள் மகள் இப்போது அதை வருகிறவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் உரக்க வாசித்துக் காட்டுகிறாள். ரெஜினாவோ, யார் வீட்டு விருந்துக்குப் புறப்பட்டாலும் எனக்கு ஒரு தட்டுச் சோறு போட்டு, அதை நான் தின்று முடித்த பிறகுதான் கதவைப் பூட்டுகிறாள்.